இடத்தின் சத்தம்

புவனேஸ் பென்சிலைக் குறுக்கே கடித்துக்கொண்டு செய்தி வாசிப்பது எங்கள் வீட்டுக்குள்ளும் கேட்கும். இரண்டு வீடுகளுக்கும் நடுவில் இருப்பது பலகைச் சுவர். அது கூரைவரை போகாது. மேலே இருக்கும் இடைவெளி வழியாகக் கருவாடு பொரிக்கும் வாசனை வரும், சண்டை வரும், இருமல் வரும். அவள் கோலாலம்பூரில் ஒலிபரப்பு இதழியல் படிக்கப் போனதிலிருந்து விடுமுறை நாட்களில் இந்த வாசிப்பும் வந்தது.

"பிரபல நடிகர் தமது பழைய நினைவுகளை நம்மோடு பகிர்ந்துகொள்கிறார்" என்று எச்சில் ஒழுகச் சொல்வாள். பிறகு பென்சிலை எடுத்துவிட்டு அதையே மறுபடியும் சொல்வாள். அவள் பேச்சில் எஸ்டேட் வாசனை அடிக்கிறது என்று முதல் தேர்விலேயே ஆசிரியர் எழுதியிருந்தாராம். அந்த வாசனையைப் பென்சில்தான் எடுக்கும் என்று நம்பினாள்.

"பாப்பா, முழுங்கிடாத. இந்த மழையில ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக வண்டி கிடைக்காது" என்பாள் அவள் அம்மா நவமணி அத்தை, அம்மியில் சம்பல் அரைத்துக்கொண்டே.

இந்தப் பக்கத்திலிருந்து என் அம்மா துளசி குரல் கொடுப்பாள். "நவமணி, ஒன் மக வாசிச்சா எங்க கோழியெல்லாம் எந்திரிச்சு நிக்கிது."

"நிக்கட்டும் லா. நாளைக்கு டிவியில வர்றப்ப கோழிய கூட்டிட்டு வா, காட்டுறேன்."

அது என்ன படிப்பு என்று எஸ்டேட் லைன் வீடுகளில் யாருக்கும் விளங்கவில்லை. டீச்சர் தெரியும், நர்ஸ் தெரியும், ஆபீசில் கணக்கெழுதும் கிராணி தெரியும். சினிமாக்காரர்களிடம் பேட்டி எடுப்பதற்குப் படிப்பு எதற்கு என்று கேட்டார்கள். தண்ணிப் பைப்படியில் நவமணி அத்தை அவர்களுக்குப் பதில் சொன்னாள்: "பெரிய ஆளுங்ககிட்ட மைக்க நீட்டிக் கேள்வி கேக்குற படிப்பு. இம்புட்டு நாளும் நம்மளத்தான எல்லாரும் கேள்வி கேட்டாங்க. ஏன் லேட்டு, ஏன் கொழுந்து கம்மி, ஏன் சூடி போட்ட. இனிமே எம் புள்ள கேக்கட்டும்."

லீவு போடுவதை எங்கள் பக்கம் சூடி என்றுதான் சொல்வார்கள். அத்தை அதிகம் சூடி போடாத ஆள். கணவர் அய்யாசாமி மாமா நெஞ்சுச்சளியில் போன பிறகு லைன் வீடு அவள் பெயரில்தான் இருந்தது. வேலைக்குப் போகும்வரைதான் வீடு. தேயிலைக் கொழுந்து வெட்டும் மெஷின் ஓட்ட வங்காளதேசத்துப் பையன்கள் வந்துவிட்டார்கள். மெஷின் ஏற முடியாத செங்குத்தான இடங்களுக்கு மட்டும் கத்திரியோடு பெண்களை அனுப்பினார்கள். கால்முட்டி உயரத்துக்கு ரப்பர் பூட்ஸ், இடுப்பில் பிளாஸ்டிக் படுதா, கத்திரியின் மேலே கொழுந்து விழும் பெட்டி. பெட்டி நிறைந்ததும் முதுகுக்குப் பின்னால் கோணிக்குள் தட்டுவார்கள். கூடை கட்டிக் கையால் கிள்ளுவதெல்லாம் டீக்கடைச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களோடு சரி.

புவனேஸ் என்னை நடிகையாக உட்கார வைத்து ஷாம்பு பாட்டிலை நீட்டிப் பேட்டி எடுப்பாள். நான் பதில் சொல்ல மாட்டேன். சிரித்துத் தலையைக் குனிந்துகொள்வேன். "மூணாம் பாரத்தோட பள்ளிக்கூடத்த விட்டீங்களே, அதுக்குக் காரணம் காதலா?" என்று கேட்டு அவளே சிரிப்பாள். "இந்த மாதிரி வாய் தெறக்காத ஸ்டாருங்களும் இருப்பாங்கன்னு மேடம் சொன்னாங்க. அதான் ஒன்னவச்சுப் பழகுறேன்."

பேட்டி முடிந்ததும் இன்னொரு வேலை இருக்கும். அதுதான் அவளுக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வோர் இடத்திலும் கடைசியில் எல்லாரையும் அசையாமல் நிறுத்திவிட்டு, அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் அரை நிமிடம் பதிவு செய்ய வேண்டுமாம். காற்று, தூரத்து லோரி, பூச்சி, என்ன இருக்கிறதோ அது. பேச்சை வெட்டி ஒட்டும்போது அதை அடியில் ஓடவிட்டால் வெட்டு காதில் இடிக்காது. "இது இல்லாம எந்தப் பேட்டியும் முடியாது" என்பாள்.

வீட்டில் பழகும்போது நடுவாசலில் நின்று கையைத் தூக்குவாள். "சத்தம் எடுக்கிறேன். யாரும் பேசாதீங்க, அசையாதீங்க." நவமணி அத்தையின் அம்மி நின்றுவிடும். இந்தப் பக்கம் அம்மா கரண்டியைச் சட்டியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒருமுறை அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. புவனேஸ் கையை இறக்கி, கருவியை அணைத்து, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ஏன்டி துளசி, அர நிமிசம் அடக்க முடியாதா?" என்று நவமணி அத்தை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து திட்டினாள். "புள்ளைக்கு மார்க்கு போகுது லா."

"தொண்டை எம் பேச்ச கேக்கலியே."

"கேக்க வைக்கணும். காலைப் பெரட்டுல கங்காணிக்குக்கூட நான் இப்படி நின்னதில்ல. எம் மகளுக்கு நிக்கிறேன். அவ கை எறங்குற வரைக்கும் மூச்சு விட மாட்டேன்."

கடைசிப் பருவத்தில் புவனேஸுக்கு ஓர் இணையச் சேனலில் பயிற்சி கிடைத்தது. சினிமா, நாடகம், பாட்டு, இதுதான் அந்தச் சேனல். அங்கே ரேகா என்று ஒரு பெண் பொறுப்பாளர். பயிற்சி நல்லபடி முடிந்தது என்று ரேகா கடிதம் கொடுத்தால்தான் கல்லூரியில் பட்டம். பிடித்துவிட்டால் அங்கேயே வேலை. புவனேஸ் ரேகாவைப் பற்றிப் பேசும்போது பைபிள் வாசிப்பதுபோல் இருக்கும் என்று அம்மா கேலி செய்வாள்.

அப்போதுதான் ஒரு டிவி நாடகத்தின் பாட்டுக் காட்சியை எங்கள் மலையில் எடுக்க வந்தார்கள். கதாநாயகன் உதயன். அவனைப் பேட்டி எடுக்கப் போக வேண்டியது வேறொரு பெண். இடம் தன் எஸ்டேட் என்று புவனேஸ் ரேகாவிடம் கெஞ்சி அந்த வேலையை வாங்கினாள். போன் செய்து அம்மாவிடம் சொன்னபோது அந்தச் சந்தோஷம் சுவரைத் தாண்டி எங்களுக்கும் கேட்டது.

"ஒன்ன பின்னாடி நிக்க வைக்கப் போறேன்மா. நான் பேட்டி எடுக்குறப்ப நீ பின்னால தெரியணும்."

"நான் எதுக்கு? என் மூஞ்சி என்ன பாக்குற மாதிரியா இருக்கு?"

"நீதான் வேணும்."

படப்பிடிப்பை நடத்தியவர் பிரவின் என்பவர். காதில் ஒரு கம்பியும் கையில் ஒரு போனுமாகவே இருப்பார். அவர் கங்காணி சிவசாமியைப் பிடித்தார். கங்காணி காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆட்களைப் பிரிக்கும்போதே சில பெண்களைத் தனியாக நிறுத்தினார். "இன்னிக்கு நீங்கள்லாம் சூடி. சேலை கட்டிட்டு மேல் மலைக்கு வாங்க. வேலை ஒண்ணுமில்ல, நிக்கணும் அவ்வளவுதான்." பூட்ஸ் வேண்டாம், படுதா வேண்டாம் என்று பிரவின் சொல்லிவிட்டார். கடைத்தெருவில் சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்க மாட்டி வைத்திருக்கும் கூடைகளை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்கள். அவற்றுக்கு வார் கிடையாது. நைலான் கயிற்றைக் கட்டித் தலையில் மாட்டினார்கள்.

அன்று நடந்ததை அம்மா சாயங்காலம் சொன்னாள். சேலையை மாற்றவில்லை. கால் இரண்டிலும் அட்டை கடித்த ரத்தம் காய்ந்திருந்தது. கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் சொன்னாள்.

காலையிலிருந்து மூடுபனி, நடுவே தூறல். பாட்டை எடுத்து முடிக்கவே மதியம் தாண்டிவிட்டது. பிறகு மலை உச்சியில், பச்சையாக இருக்கும் தேயிலைப் பகுதியில், நம்பர் என்போம் அதை, உதயனை நிற்க வைத்துப் புவனேஸ் பேட்டியைத் தொடங்கினாள். பெண்கள் பின்னால் செடிகளுக்கு நடுவே கொழுந்து கிள்ளுவதுபோல் நின்றார்கள். நவமணி அத்தை புவனேஸின் தோளுக்கு நேர் பின்னால். கேமராக்காரர் கையைக் காட்டி, இன்னும் பின்னால், இன்னும் பின்னால் என்றார். அத்தை நகர்ந்து நகர்ந்து நம்பரின் ஓரத்துக்குப் போய்விட்டாள். அந்த ஓரத்துக்குக் கீழே கவ்வாத்து வெட்டிய மலை. செடிகளை முட்டிக்குக் கீழே வெட்டிவிட்டால் இலை இருக்காது. சாய்வாகச் சீவிய கட்டைகள்தான் ஈட்டி ஈட்டியாக நிற்கும். பூட்ஸ் இல்லாமல் எந்தப் பொம்பளையும் அதில் இறங்க மாட்டாள்.

"புவனேஸு அப்படிப் பேசுச்சு" என்றாள் அம்மா. "அந்த உதயன் பயலே அசந்துட்டான். நம்ம புள்ளையா இதுன்னு இருந்துச்சு. நவமணி என்னப் பாத்துக் கண்ணடிக்கிறா."

பேட்டி முடிந்தது. கேமராக்காரர் கேமராவைக் கழற்றினார். புவனேஸ் கருவியை முன்னால் நீட்டி மறு கையைத் தூக்கினாள். சத்தம் எடுக்கிறோம், யாரும் பேசாதீங்க, அசையாதீங்க. எல்லாரும் நின்றார்கள். உதயனும் நின்றான், பிரவினும் நின்றார். அப்போதுதான் நவமணி அத்தையின் காலடியில் நனைந்த மண் சரிந்தது. கூடையோடு பின்பக்கமாகப் போய், புரண்டு, முகம் குப்புற விழுந்தாள்.

"தொப்புன்னு கேட்டுச்சு. நான் பாத்தேன். வாயத் தெறந்தேன். புவனேஸு திரும்பல. சத்தம் கேட்டு, தூக்கின கைய இப்படி ஒரு ஆட்டு ஆட்டுச்சு, பேசாதீங்கன்னு. கீழ இருந்து ஒரு சத்தமும் இல்ல. சரி, அடி ஒண்ணும் இல்ல போலன்னு…" அம்மா கோப்பியைக் கீழே வைத்தாள். "கை எறங்கிச்சு. முடிஞ்சதுன்னு சொல்லிச்சு. அந்தாளு பேக்கப்புன்னு கத்துனான். அப்புறம்தான் ஓடுனோம். அவ கட்டைக்கு நடுவுல உக்காந்து கண்ணப் பொத்திக்கிட்டு இருக்கா. விரல் சந்துல எல்லாம் வழியுது."

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே ஆம்புலன்ஸில் ஈப்போவுக்கு அனுப்பினார்கள். கட்டை இடது கண்ணுக்குள் போயிருந்தது. அங்கே அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்கள்.

ஈப்போவிலிருந்து அத்தை திரும்பி வந்தபோது மழை இன்னும் விடவில்லை. புவனேஸ் கைத்தாங்கலாக இறக்கினாள். கண்ணில் வெள்ளைத் துணி. லைனில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். சாடின் மீன் குழம்பு கொண்டுவந்தார்கள், மீகூன் சேமியா கொண்டுவந்தார்கள். அத்தை வந்தவர்களுக்குத் தானே கோப்பி ஊற்றப் போனாள். கோப்பி மங்குக் கோப்பைக்குப் பக்கத்தில் பலகையில் கொட்டியது. அத்தை துணியை எடுத்துத் துடைத்துவிட்டு, மங்கின் விளிம்பில் ஒரு விரலை வைத்து அந்த விரலைப் பார்த்து ஊற்றினாள்.

"பாத்தீங்களா, பழகிடும்" என்றாள்.

ஆனால் மலை பழகவில்லை. ஒற்றைக் கண்ணுக்குப் பள்ளமும் மேடும் ஒன்றாகத் தெரிந்தன. கத்திரியை எடுத்துப் பார்த்த முதல் நாளே விரலைச் சீவிக்கொண்டாள். சரிவில் வேலைக்கு லாயக்கில்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். கிராணி மாடசாமி வந்து, தலையைச் சொறிந்துகொண்டே, இந்த மாதம் முடிவதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி சொன்னார். "நான் சொல்லல நவமணி. ரூல் சொல்லுது."

பிரவின் ஒரு கூடை ஆப்பிளோடு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றப் போனவர் சேற்றைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். கூடவே கங்காணி.

"அக்கா, மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்றார்.

"பசியாறிட்டீங்களா தம்பி?" என்றாள் அத்தை.

"ஆச்சுக்கா. நான் நேரா சொல்லிடுறேன். எங்ககிட்ட இன்சூரன்ஸ் இருக்கு. ஷூட்டிங் நடக்குறப்ப யாருக்கு என்ன ஆனாலும் குடுப்பாங்க. ஆனா நீங்க விழுந்தது பேக்கப் சொன்னதுக்கப்புறம். வீட்டுக்குக் குறுக்கால போறேன்னு வெட்டின மலையில எறங்கி இருக்கீங்க. அதுக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

புவனேஸ் உள்ளேயிருந்து வந்தாள். "யாரு சொன்னா அப்படி? நிக்கச் சொன்ன எடத்துல நின்னுதான் விழுந்துச்சு எங்கம்மா."

"நீங்க பாத்தீங்களா?"

அவள் திரும்பியே பார்க்கவில்லை அல்லவா.

"கங்காணியும் அப்படித்தான் சொல்றாரு" என்றார் பிரவின். சிவசாமி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் போன பிறகு புவனேஸ் தன் பையிலிருந்து கருவியை எடுத்தாள். அதில் அந்த அரை நிமிடம் இருந்தது. கடைசியில் 'முடிஞ்சது' என்ற அவள் குரலும், அதற்கும் பிறகு பிரவின் 'பேக்கப்' என்று கத்துவதும் இருந்தன. விழுந்த சத்தம் அதற்கு முன்னால். இதை எஸ்டேட் ஆபீசில் போட்டுக் காட்டினால் எவனும் மறுக்க முடியாது என்றாள்.

பிரவின் சொல்லியிருப்பார்போல, அன்று சாயங்காலமே ரேகா போனில் வந்தார். அத்தைக்கும் கேட்கட்டும் என்று போனை ஒலிபெருக்கியில் வைத்துப் பேசும் வழக்கம் வந்திருந்தது. அதனால் நாங்களும் கேட்டோம்.

"புவனேஸ், அம்மா எப்படி இருக்காங்க? கேட்டதும் அழுதுட்டேன் நான்." கொஞ்ச நேரம் இப்படிப் போயிற்று. பிறகு குரல் மாறவே இல்லை, பேச்சு மட்டும் மாறியது. "அந்த ரெக்கார்டிங் சேனலோடது. உன்னோடது இல்ல. அது வெளிய போகக்கூடாது. அந்தக் கம்பெனி நமக்கு ஆர்ட்டிஸ்ட் குடுக்கலன்னா நம்ம சேனல் என்னத்தப் போடும்? உனக்குத் தெரியும்ல. உதயன் பேட்டி எவ்வளவு பேர் பாத்திருக்காங்க தெரியுமா? உன் குரலப் பத்தித்தான் எழுதுறாங்க. அடுத்த மாசம் உனக்குன்னு ஒரு ப்ரோகிராம் பேசிட்டு இருக்கோம். லெட்டரும் ரெடி. அவசரப்பட்டு ஒண்ணும் செஞ்சிடாத."

போன் அணைந்தது. கூரைத் தகரத்தில் மழை மட்டும்.

"அந்தம்மா சொல்றதக் கேளு" என்றாள் அத்தை.

"நீ சும்மா இரும்மா."

"கண்ணு போனது போனதுதான். காசு வந்தா மொளைக்குமா? நீ டிவியில வந்தா ஒரு கண்ணால பாத்துக்குவேன். ஒரு கண்ணு போதும்."

"எங்க உக்காந்து பாப்ப? வீடே இல்லாம?"

"கோலா தெர்லாவுல தோட்டக்காரங்க கொட்டாய் குடுப்பாங்க. தக்காளி பிரிக்கிற வேலைக்கு ஒரு கண்ணு போதும்."

"அம்மா, நான்தான் உன்ன அங்க நிக்க வச்சேன்."

"ஆமா. அதுக்கென்ன இப்ப? நல்லா இருந்துச்சு எனக்கு. வா, சோறு ஆறுது."

ஆபீசில் விசாரணை என்று கூப்பிட்டார்கள். நிலைப்படி தெரியாமல் அத்தை அடிக்கடி இடது பக்கம் இடித்துக்கொண்டதால் அந்தப் பக்கம் பிடித்துக்கொள்ள என்னை அழைத்துப் போனாள். என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "நீ ஒண்ணும் பேச வேணாம்" என்றாள், நான் என்னவோ பேசிவிடும் ஆள் போல.

மேசைக்குப் பின்னால் எஸ்டேட் மேனேஜர் இருந்தார். மலாய்க்காரர், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. லைனில் இன்னும் துரை என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் மொழிபெயர்க்கக் கிராணி. எதிரே பிரவின், கங்காணி. சுவரோரமாக அன்று மலையில் நின்ற பெண்கள், என் அம்மா உட்பட.

கிராணி கேட்டார். "நவமணி, நீ எப்ப விழுந்த? வேலை நடக்குறப்பவா, முடிஞ்சப்புறமா?"

அத்தை தாமதிக்கவே இல்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பாள். "எல்லாம் முடிஞ்சிருச்சுங்க. குறுக்கால எறங்கலாம்னு போனேன். வழுக்கிருச்சு."

"எங்கம்மா பொய் சொல்லுது" என்றாள் புவனேஸ்.

கருவியை மேசைமேல் வைத்தாள். மலாயில், பென்சில் கடித்துப் பழகிய தெளிவோடு, இது எது, எப்போது எடுத்தது, எதைக் கேட்க வேண்டும் என்று துரைக்கு விளக்கினாள். துரை எழுந்து தானே மின்விசிறியை அணைத்தார். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

காற்று. கீழே எங்கேயோ தொழிற்சாலையின் இரைச்சல். ஒரு குருவி. பிறகு 'தொப்' என்று ஒரு சத்தம், சாக்கைக் கீழே வைத்ததுபோல. அதற்குப் பிறகு மறுபடியும் காற்று. யாரோ பக்கத்தில் ஒரு முறை இருமினார்கள். காற்று. "முடிஞ்சது. எல்லாருக்கும் நன்றி." உடனே பிரவினின் குரல்: "பேக்கப்."

புவனேஸ் அணைத்தாள். "விழுந்தப்புறம்தான் பேக்கப். கேட்டீங்கல்ல?"

துரை பிரவினைப் பார்த்தார். பிரவின் மெதுவாகச் சொன்னார். கெட்ட மனிதர் பேசுவதுபோல் இல்லை. கணக்கு விளங்காதவர் கேட்பதுபோல் இருந்தது.

"ஏதோ விழுந்த சத்தம் கேக்குது. கூடையா இருக்கலாம். கேமராப் பெட்டியா இருக்கலாம். ஆனா கண்ணுல கட்டை ஏறின ஒரு ஆளு அர நிமிஷம் வாய் தெறக்காம கெடப்பாங்களா? நீங்களே சொல்லுங்க. ஒரு முனகல்கூட இல்லையே இதுல."

கிராணி அதை மலாயில் சொன்னார். துரை இன்னொரு முறை போடச் சொன்னார். இன்னொரு முறையும் காற்றுதான். துரை வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

புவனேஸ் சுவர்ப் பக்கம் திரும்பினாள். "துளசி அத்தை, நீங்க பக்கத்துலதான நின்னீங்க. அந்த இருமல் உங்களோடது."

அம்மா கங்காணியைப் பார்த்தாள். அவர் தன் தொப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீடும் லைன் வீடுதான். அப்பாவுக்கு முதுகு போன பிறகு அம்மாவின் பெயர்தான் பெரட்டில் இருந்தது.

"நான் கொழுந்தப் பாத்துக்கிட்டு இருந்தேம்மா" என்றாள். "ஒண்ணும் கவனிக்கல."

மற்ற பெண்களும் தரையைப் பார்த்தார்கள். புவனேஸ் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுக் கடைசியில் தன் அம்மாவிடம் வந்தாள். முன்னால் மண்டிபோட்டதுபோல் உட்கார்ந்தாள். அப்போது அவள் பேச்சில் பென்சில் இல்லை.

"ஏம்மா நீ கத்தல? அம்புட்டு வலியில ஏன் கத்தாம கெடந்த?"

அத்தை என் கையை விட்டுவிட்டு மகளின் தலையைத் தடவினாள். கை முதலில் காதில் பட்டு, பிறகுதான் தலையைக் கண்டுபிடித்தது.

"நீ கையத் தூக்கியிருந்தியே பாப்பா."

பிரவின் போனை எடுத்துப் பார்த்தார். துரை கிராணியிடம், நவமணி என்ன சொன்னாள் என்று கேட்டார்.

"தாடா அப்பா-அப்பா, துவான்" என்றார் கிராணி மாடசாமி. ஒன்றுமில்லை ஐயா.

ரேகாவுக்குச் செய்தி அன்றைக்கே போய்விட்டது. போன் வரவில்லை. ஒரே வரியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது, அடையாள அட்டையைத் தபாலில் அனுப்பிவிடும்படி. கடிதம் வராது என்று புவனேஸ் யாரிடமும் சொல்லவில்லை. விடியற்காலையில் பென்சில் வாசிப்பு நின்றுபோனதை வைத்து நாங்களே தெரிந்துகொண்டோம். அம்மா சுவருக்கு இந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பதும் நின்றுபோனது. பைப்படியில் நவமணி அத்தை மட்டும் முன்போலவே பேசினாள். "என்னா லா துளசி, மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டு? ஒனக்கும் புள்ளைங்க இருக்குல்ல. எனக்குத் தெரியாதா?" என்றாள். அம்மா குடம் நிறையும் முன்பே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கோலா தெர்லாவில் ஒரு தக்காளித் தோட்டத்தில் இடம் கிடைத்தது. பிளாஸ்டிக் கூரை போட்ட கொட்டாய். தாய்க்கும் மகளுக்கும் தரம் பிரிக்கும் வேலை. லோரி மறுநாள் காலையில் வருவதாக இருந்தது. அந்தப் பக்கம் சாமான் கட்டும் சத்தம் சாயங்காலம் வரை கேட்டது. அம்மி கனம் என்று விட்டுவிட்டுப் போவதாகச் சொன்னார்கள். பிறகு சத்தம் ஓய்ந்தது. அம்மா கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ரெக்கார்டு பொட்டிய இன்னும் தூக்கிப் போடலியா நீ?" என்றாள் நவமணி அத்தை, சுவருக்கு அந்தப் பக்கம்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் சேனலுக்குத் திருப்பிக் குடுக்கணும்."

"அழிக்கிறதுக்கு முன்னாடி ஒருவாட்டி போடு. அன்னிக்கு ஆபீசுல எனக்குச் சரியா கேக்கல."

"வேணாம்மா."

"போடு லா."

காற்று கேட்டது. தொழிற்சாலையின் இரைச்சல். அந்தக் குருவி. தொப். மறுபடியும் காற்று. அம்மாவின் இருமல். காற்று.

"நல்லா விழுந்திருக்கு காத்து" என்றாள் அத்தை. கொஞ்சம் பொறுத்து, "நான் கெடுத்துடலியே பாப்பா?"

"இல்லம்மா" என்றாள் புவனேஸ். "சுத்தமா இருக்கு."

"இன்னொரு வாட்டி போடு."

மறுபடியும் காற்று வந்தது. இந்தப் பக்கம் அம்மா கரண்டியைச் சட்டியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கருவாடு கருகிக்கொண்டிருந்தது.